மேசை போன பின் எஞ்சிய கண்ணாடி

இடமாற்ற ஆணை வந்த வீட்டில் முதலில் கட்டப்படுபவை புத்தகங்கள். கடைசியில் கட்டப்படுவது கண்ணாடி. பல ஆண்டுகளாக உணவு மேசையின் மேல் கிடந்த பெரிய கண்ணாடிப் பலகையை வீட்டில் எவரும் தனிப்பொருளாக எண்ணியதில்லை. மேசையின் கால்களைக் கறையான் அரித்து, மரம் ஒடிந்து விழுந்த பின்னரே அது கண்ணுக்குத் தெரிகின்றது. பழைய போர்வையில் சுற்றப்பட்டுப் பீரோவின் பின்னால் சுவரோடு சாய்த்து வைக்கப்படுகின்றது. தில்லியிலிருந்து நாகபுரிக்கு, நாகபுரியிலிருந்து கொல்கத்தாவுக்கு என்று குடும்பத்தோடு அதுவும் ஊர் ஊராகச் செல்கின்றது. எங்கும் அதற்கு வேலை இல்லை.

செய்தித்தாளுக்கும் இரும்புக்கும் விலை சொல்லும் கபாடிவாலா இதனைக் கண்டதும் கையை விரித்துவிடுவார். தமிழ்நாட்டில் காயலான் கடைக்காரரும் பெரும்பாலும் அதையே செய்வார். அவர் மறுப்பதில் நியாயம் உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள கண்ணாடியின் எடை இரண்டரைக் கிலோகிராம். மேசைக் கண்ணாடி எட்டு மில்லிமீட்டர் தடிப்பும், நீளம் 120 செ.மீ., அகலம் 75 செ.மீ. என்ற அளவும் கொண்டதாயின் அதன் எடை 18 கிலோகிராம் ஆகும். மிதிவண்டியில் வைத்தால் உடையும். உடைந்தால் கையைக் கிழிக்கும். கொண்டு சேர்த்தாலும் கிடைக்கும் பணம் மிகக் குறைவு.

சிலர் அதனை வீட்டிலேயே உடைத்துக் குப்பையில் போட்டுவிடுகின்றனர். இதுவே எல்லாவற்றிலும் தவறான வழி. மறுநாள் காலையில் அந்தப் பையைத் தூக்குகிற தூய்மைப் பணியாளரின் கைக்கும் நெகிழிப் பைக்குள் இருக்கும் கத்தி போன்ற சில்லுக்கும் இடையே பல வேளைகளில் ஓர் உறைகூட இருப்பதில்லை. கண்ணாடி உடைந்தே போனாலும் சில்லுகளைத் தடித்த அட்டைப் பெட்டியில் இட்டு, ஒட்டி, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று அந்த ஊர் மொழியில் எழுதி, அவர் கையிலேயே கொடுப்பதுதான் முறை.

உடையாத கண்ணாடியை என்ன செய்யலாம் என்று எண்ணும் முன்னர், அது எந்த வகைக் கண்ணாடி என்று அறிதல் வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், இயல்போ வேறு. உருக்கிய கண்ணாடியை மெல்ல மெல்ல ஆறவிட்டுச் செய்வது சாதாரணக் கண்ணாடி. அது உடைந்தால் நீண்ட கூரிய துண்டுகளாகப் பிளக்கும். கடைகளில் டஃபன்டு கிளாஸ் என்று சொல்லப்படும் வலுவூட்டிய கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பார்கள். வெளிப்புறம் முதலில் இறுகிவிடுகின்றது. உட்புறம் பின்னர் சுருங்கி அதனை உள்நோக்கி இழுக்கின்றது. இந்த இழுவிசையே அதன் வலிமைக்குக் காரணம். ஆனால் அதனை வெட்ட முயன்றால், ஓரிடத்தில் இறுக்கம் குலைந்ததும் பலகை முழுவதும் நொடியில் கல்லுப்புப் போன்ற சிறுமணிகளாக உதிர்ந்துவிடும். மகிழுந்தின் பக்கக் கண்ணாடிகள் இவ்வகையின. அதன் முன்கண்ணாடியோ மூன்றாம் வகை: இரண்டு தகடுகளுக்கு நடுவே நெகிழிப் படலம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் சிதறாமல் வலைபோல் விரிசல் விட்டு நிற்கும்.

வலுவூட்டிய கண்ணாடியின் மூலையில் பெரும்பாலும் சிறிய முத்திரை ஒன்று இருக்கும். முத்திரை இல்லாத இடத்தில் கண்ணாடிக் கடைக்காரரின் கண்ணே துணை. அவர் விளிம்பைப் பார்த்தும் தடவியும் சொல்லிவிடுவார். வெட்டக்கூடிய கண்ணாடியாயின், வெட்டும் வேலையையும் அவரிடமே விட்டுவிட வேண்டும். உண்மையில் அவர் கண்ணாடியை வெட்டுவதில்லை. வைரமுனையாலோ சிறு உலோகச் சக்கரத்தாலோ மேற்பரப்பில் ஒரே ஒரு கீறலை இடுகின்றார்; பிறகு மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்துகின்றார். கீறலின் வழியே கண்ணாடி தானே பிரிகின்றது. விளிம்புகளைத் தேய்த்து மழுக்கித் தருமாறு கேட்க மறத்தல் கூடாது.

எஞ்சிய கண்ணாடிக்கு மிக எளிய வேலை, மீண்டும் ஒரு மேசைக்கு மேலாடை ஆவது. இந்திய அரசு அலுவலகங்களில் இது நெடுங்கால வழக்கம். மேசைக் கண்ணாடியின் அடியில் விடுமுறைப் பட்டியல், தொலைபேசி எண்கள், ஒரு தெய்வப் படம், எப்போதோ எடுத்த குழுப்படம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இதே முறையைப் பிள்ளைகளின் படிப்பு மேசைக்கும் கொண்டுவரலாம். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எழுதிவிட்டு வீட்டில் தமிழ் எழுதும் பிள்ளைக்குக் கண்ணாடியின் அடியில் 247 எழுத்துகளின் அட்டவணை இருந்தால் பெரும் உதவி. அழித்து எழுதும் மார்க்கர் பேனாவால் அட்டவணையின் மேலேயே எழுதிப் பழகலாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம். 'ழ'கரத்தின் வளைவும் 'ணை'யின் கொம்பும் கைக்குப் பழகும் வரை தாள் செலவு இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பழைய புகைப்படங்களைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தல் ஆகாது. புகைப்படத் தாளின் மேல் ஊன்பசைப் படலம் ஒன்று உண்டு. மேசையில் சிந்திய தண்ணீரோ மழைக்காலத்து ஈரக்காற்றோ உள்ளே புகுந்தால் அந்தப் படலம் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். பிறகு இழுத்தால் படத்தில் உள்ளவரின் முகம் கண்ணாடியில் தங்க, வெறும் தாள் கையோடு வரும். ஊரில் எடுத்த தாத்தா பாட்டி படம் ஒன்றே ஒன்று இருக்கும் வீட்டில் இது சிறிய இழப்பன்று. படியெடுத்து, படியை மட்டும் கண்ணாடியின் அடியில் வைத்து, மூலப்படத்தைப் பெட்டியில் காப்பதே நல்லது. ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்காமல், கண்ணாடியின் மேலிருந்தே முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, வெயிலில் வைக்கும் ஒரு வேலை. கூழ் வடகமும் மோர்மிளகாயும் தமிழ்நாட்டில் மொட்டை மாடியில் காயும். காகத்தை விரட்ட ஒரு கறுப்புக் குடையோ ஒரு சிறுவனோ காவல் இருந்தால் போதும். தில்லியின் கோடையில் காகத்தைக் காட்டிலும் புழுதிக்காற்று பெரும்பகை. மும்பை அடுக்குமாடியிலோ புறாக்கள் பகை. அங்கெல்லாம் எஞ்சிய கண்ணாடி வடகப் பெட்டியின் மூடியாகின்றது. ஆழம் குறைந்த மரப்பெட்டி ஒன்றின் உட்புறம் கறுப்பாக்கப்படுகின்றது. கண்ணாடி மூடி தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்குமாறு பெட்டியின் வடபுறம் சற்று உயர்த்தப்படுகின்றது. வெயிலின் ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே செல்கின்றது. கறுப்புப் பரப்பு அதனை வெப்பமாக்குகின்றது. அந்த வெப்பக் கதிர்களோ கண்ணாடியை எளிதில் கடந்து வெளியே வர இயலாது. ஆனால் பெட்டியை முழுவதும் மூடிவிட்டால் வடகம் காயாது, வியர்க்கும். கண்ணாடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நிற்கும். எனவே தாழ்ந்த பக்கத்தில் கீழேயும் உயர்ந்த பக்கத்தில் மேலேயும் துளைகள் இட்டு, ஈ புகாதபடி வலை அடிக்க வேண்டும். சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேல்துளை வழியே வெளியேற, கீழ்த்துளை வழியே புதுக்காற்று நுழையும். இதற்கு வலுவூட்டிய கண்ணாடி கிடைத்தால் சிறப்பு. சாதாரணக் கண்ணாடியாயின், உச்சி வெயிலில் சுட்டுக் கிடக்கும்போது அதன்மேல் தண்ணீர் தெளித்தல் கூடாது; விரிந்துவிடும்.

கண்ணாடி என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு செய்தி. சாளரத்தில் இருப்பது, முகம் பார்ப்பது, மூக்கின்மேல் அணிவது ஆகிய மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குகின்றது. அணிவதற்கு இந்தியில் 'சஷ்மா' என்று தனிச்சொல் உண்டு. முகம் பார்ப்பதற்குத் தமிழில் 'ஆடி' என்ற பழஞ்சொல்லும் இருக்கின்றது. இந்தியில் கண்ணாடியைக் குறிக்கும் 'சீஷா' என்ற பாரசீகச் சொல் தமிழுக்கும் வந்தது. இங்கே அது பொருள் மாறிச் 'சீசா' என்று புட்டியைக் குறிக்கின்றது.

ஓவியம் வரையும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எஞ்சிய கண்ணாடி வேறொரு வழியில் செல்லலாம். தஞ்சாவூரில் மராட்டிய மன்னர் காலத்தில் வளர்ந்த கலைகளுள் கண்ணாடி ஓவியமும் ஒன்று. கண்ணாடியின் பின்புறத்தில் வரைந்து முன்புறத்திலிருந்து பார்ப்பது அதன் முறை. ஐரோப்பாவிலும் சீனத்திலும் வழங்கிய இம்முறை கடல்வழி வணிகத்தோடு இந்தியாவுக்கு வந்தது. தஞ்சை ஓவியர்கள் அதில் தவழும் கண்ணனையும் பட்டம் சூடிய இராமனையும் வரைந்தார்கள்.

இந்த ஓவியத்தில் எல்லாம் தலைகீழ் வரிசை. தாளில் வரையும்போது பின்னணியை முதலில் பூசி, முகத்தை அதன்மேல் தீட்டி, கண்மணியையும் நகையின் புள்ளிகளையும் கடைசியில் வைப்பது வழக்கம். கண்ணாடியில் கண்மணியே முதலில் வர வேண்டும். பிறகு புருவம், நகையின் கோடுகள், அவற்றின்மேல் முகத்தின் நிறம், அதன்மேல் ஆடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. ஒருமுறை முகத்தின் நிறத்தைப் பூசிவிட்டால், மறந்துபோன பொட்டை வைக்க இடம் கிடையாது. வலக்கை இடக்கையாகத் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெயர் எழுதினால் எழுத்துகளைத் திருப்பி எழுத வேண்டும். நகை வரும் இடங்களில் வண்ணம் பூசாமல் விட்டு, பின்னால் பளபளக்கும் உலோகத் தாளை வைத்தால், முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அது பொன்னாகத் தோன்றும். இன்று ஒரு பிள்ளை இதனைத் தொடங்குவதற்கு விளிம்பு மழுக்கிய சிறு துண்டு ஒன்றும் எண்ணெய்க் கலப்புள்ள வண்ணமும் போதும். முதல் ஓவியமாகக் கோலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் நன்று; கோலத்துக்கு இடமும் வலமும் பெரும்பாலும் ஒன்றே.

உடைந்து சில்லான கண்ணாடியும் வீண் அன்று. சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், 1950களின் இறுதியிலிருந்து காட்டுப்பகுதி ஒன்றில் எவருக்கும் தெரியாமல், உடைந்த வளையல்களையும் பீங்கான்களையும் கொண்டு மனிதர், விலங்கு, பறவை உருவங்களை அமைத்து வந்தார். அரசு நிலத்தில் இசைவின்றி எழுந்த அந்தத் தோட்டத்தை அதிகாரிகள் கண்டறிந்தபோது இடித்துவிடுவார்களோ என்ற ஐயம் எழுந்தது. இடிக்கவில்லை, 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டனர். உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத்தில் பழைய கண்ணாடியை மீண்டும் உருக்கி வளையல் செய்கின்றனர். உருக்கும்போது பழைய சில்லுகளைச் சேர்த்தால் எரிபொருள் செலவு குறைகின்றது.

இதுவரை கூறியவை மெல்லிய பலகைக்கு உரியவை. தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று ஒரு மனிதரின் வாழ்வையே திருப்பிவிட்ட வரலாறும் உண்டு. அவர் பெயர் ஜான் டாப்சன். 1915இல் சீனாவின் பீக்கிங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், வேதியியல் படித்தவர். 1944இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் இராமகிருஷ்ண மரபைச் சார்ந்த வேதாந்த மடத்தில் சேர்ந்து துறவியானார். உலகம் எப்படி உருவாயிற்று என்ற வினா அவரை விடவில்லை. விண்ணைப் பார்க்க விரும்பினார். தொலைநோக்கி வாங்கப் பணம் இல்லை.

கப்பல்களின் பக்கங்களில் வட்டமான சாளரங்கள் இருக்கும். அலையின் அடியைத் தாங்க வேண்டியிருப்பதால் அவற்றின் கண்ணாடி தடிப்பானது. கப்பலிலிருந்து கழற்றி விற்கப்பட்ட அத்தகைய கண்ணாடி ஒன்று அவருக்குக் கிடைத்தது. 12 அங்குலக் குறுக்களவு, அதாவது ஏறக்குறைய 30 செ.மீ. அதனைக் கொண்டு தொலைநோக்கியின் ஆடியைச் செய்ய முற்பட்டார்.

கண்ணாடியைத் தேய்த்துக் குழிக்கும் முறை எளியது. பொறுமையோ மிகுதியாக வேண்டும். கண்ணாடி வட்டம் ஒன்றைக் கீழே வைத்து, இடையில் கரடான பொடியும் நீரும் இட்டு, மற்றொன்றை அதன்மேல் முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்திற்கு ஒருமுறை சற்றே திருப்ப வேண்டும். இவ்வாறு தேய்க்கத் தேய்க்க, மேலே உள்ள கண்ணாடி நடுவில் குழியும். கீழே உள்ளது குவியும். பொடியை வரவர நுண்ணியதாக மாற்றி, இறுதியில் மெருகேற்றி, மேற்பரப்பில் மிக மெல்லிய வெள்ளி அல்லது அலுமினியப் பூச்சு இட்டால் ஆடி ஆயத்தம். 30 செ.மீ. ஆடி இரண்டு மீட்டர் தொலைவில் ஒளியைக் குவிக்க வேண்டுமானால், நடுவில் குழிய வேண்டிய ஆழம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவே. அந்த மூன்று மில்லிமீட்டருக்காகப் பல நாள் உழைப்பு.

ஆடியின் தடிப்பு அதன் குறுக்களவில் ஆறில் ஒரு பங்காவது இருத்தல் வேண்டும் என்பது தொலைநோக்கி செய்வோர் நெடுங்காலம் பின்பற்றிய கணக்கு. கப்பல் கண்ணாடி அவ்வளவு தடிப்பன்று. டாப்சன் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. கையில் உள்ளதைத் தேய்த்தார். ஆடி நன்றாகவே அமைந்தது. அதன் வழியே தேய்பிறை நிலவைப் பார்த்தார். ஏதோ ஒரு நிலப்பரப்பின்மேல் பறப்பதுபோல் குழிகளும் மலைகளும் தெரிந்தன. இதனை எல்லாரும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று அவரைப் பற்றிக்கொண்டது.

சாக்ரமென்டோ நகர மடத்திற்கு மாற்றப்பட்ட பின்னரும் அந்த எண்ணம் தணியவில்லை. தொலைநோக்கிக்குச் சக்கரம் கட்டி, மடத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு இழுத்துச் சென்று அக்கம்பக்கத்தாருக்கு விண்ணைக் காட்டினார். துறவிக்கு உரிய கடமைகளும் இரவுநேரத் தொலைநோக்கியும் ஒன்றோடொன்று முரண்பட்டன. 1967இல், 23 ஆண்டுகள் வாழ்ந்த மடத்தை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 51. கையில் பணம் இல்லை, வீடு இல்லை.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பி, நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோரை அழைத்துக் காட்டத் தொடங்கினார். 1968இல் அவரும் அவரிடம் கற்ற இளைஞரும் சேர்ந்து நடைபாதை வானியலாளர் என்ற அமைப்பை ஏற்படுத்தினர். அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை, பழைய கண்ணாடி ஆகியவற்றால் ஆன அவருடைய தொலைநோக்கி மரப்பெட்டி ஒன்றில் அமர்ந்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் விரலால் தள்ளினாலே திரும்பும். அதற்கு முன்பு இவ்வளவு பெரிய ஆடியைத் தாங்க விலை மிகுந்த இரும்புத் தாங்கி வேண்டியிருந்தது. இன்று உலகெங்கும் அந்த அமைப்புக்கு டாப்சோனியன் என்றே பெயர்.

இதே முறையில் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்யும் பயிலரங்குகள் புனேயின் ஐயூகா வானியல் மையத்தில் மாணவர்களுக்காக நடந்துள்ளன. தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவுடையது. அதனைப் பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் தேய்த்து மெருகேற்றினர். 1986இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அளவு வேறு, கருவிகள் வேறு; குழிவாக்கி மெருகேற்றிப் பூச்சிடும் நெறி ஒன்றே.

டாப்சன் தம் அமைப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் நடைபாதைகளில் நின்று வழிப்போக்கர்களுக்கு நிலவைக் காட்டினார். 2014 ஜனவரியில் தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

அருஞ்சொற்பொருள்

ஆடி - முகம் பார்க்கும் கண்ணாடி; இங்கே, ஒளியைக் குவிக்கும் குழிவான கண்ணாடி
ஊன்பசை - விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை
சாளரம் - பலகணி, ஜன்னல்
குறுக்களவு - வட்டத்தின் நடுவழியே செல்லும் நீளம், விட்டம்
காப்புரிமை - கண்டுபிடித்தவருக்கு மட்டும் உரிய சட்ட உரிமை

பயிற்சி

வலுவூட்டிய கண்ணாடியை ஏன் வெட்ட இயலாது?

வடகப் பெட்டியில் துளைகள் இல்லாவிடின் என்ன நேரும்? காரணம் கூறுக.

தாளில் வரையும் ஓவியத்திற்கும் கண்ணாடி ஓவியத்திற்கும் உள்ள வரிசை வேறுபாட்டை எழுதுக.

உங்கள் வீட்டுச் சாளரக் கண்ணாடி ஒன்றின் நீளம், அகலம் ஆகியவற்றை அளந்து, தடிப்பு நான்கு மில்லிமீட்டர் எனக் கொண்டு அதன் எடையைக் கணக்கிடுக.

டாப்சன் மடத்திலேயே தங்கியிருக்க வேண்டுமா, வெளியேறியது சரியா? உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.